கழற்றி மாட்டும் கைத்துப்பாக்கி: எண் பொறிக்க வேண்டியது எந்த உறுப்பில்?

புதுதில்லி: கைத்துப்பாக்கி ஒன்றின் குழல், அதன் மேல் நகரும் ஸ்லைடு, கைப்பிடி ஆகிய மூன்றையும் கழற்றிவிட்டு வேறு அளவில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் விசைப் பொறி மட்டும் மாறாது. கடந்த இருபது ஆண்டுகளில் உலகத் துப்பாக்கித் தொழிலில் வேரூன்றிவிட்ட இந்த வடிவமைப்பு ராணுவங்களுக்குப் பெரும் வசதியாக அமைந்துள்ளது. அதே வேளையில் சட்டத்தின் முன்னும் தடய அறிவியலின் முன்னும் ஒரு கேள்வியை வைத்துள்ளது. ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் மாறக்கூடியவை என்றால் அவற்றுள் "துப்பாக்கி" என்பது எது? எண் பொறித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டிய உறுப்பு எது?

துப்பாக்கிக் குழலைக் குட்டையாக்குவதையே குறைந்தது 7 ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கும் இந்தியாவுக்கு இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் உடையது. துப்பாக்கி தயாரிப்பில் தனியார் நிறுவனங்கள் கால் பதித்துவிட்ட நிலையில், இதற்கான விடையை நெடுநாள் தள்ளிப்போட இயலாது.

ஒரே பொறி, பல அளவுகள்

பழைய கைத்துப்பாக்கிகளில் கைப்பிடியும் அடிச்சட்டமும் ஒரே உருக்குத் துண்டால் ஆனவை. எண் அதில்தான் பொறிக்கப்படும். பெரிய துப்பாக்கி வேண்டுமென்றால் ஒன்று, சிறியது வேண்டுமென்றால் மற்றொன்று எனத் தனித்தனியாகவே வாங்க வேண்டும்.

புதிய வடிவமைப்பு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியது. விசை, அதோடு இணைந்த வில்கள், நெம்புகோல்கள் ஆகியவை உள்ளங்கையில் அடங்கும் சிறிய உருக்குச் சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. எண் பொறிக்கப்படுவது இந்தச் சட்டத்தில்தான். கைப்பிடி என்பது இதைச் சுற்றியுள்ள பாலிமர் கூடு மட்டுமே; அது கிழிந்த சட்டை போலக் கழற்றி எறியத்தக்கது.

சிக் சாவர் நிறுவனம் 2007-ம் ஆண்டு வாக்கில் பி250 என்ற பெயரிலும், 2014-ம் ஆண்டு பி320 என்ற பெயரிலும் விற்பனைக்குக் கொண்டுவந்த பிஸ்டல்கள் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டவை. பி320-ன் முழு அளவுக் குழல் 4.7 அங்குலம், நடுத்தர அளவில் 3.9 அங்குலம், மிகச் சிறிய அளவில் 3.6 அங்குலம். கைப்பிடியின் உயரம் குறையும்போது அதற்குள் செருகும் மேகசினின் கொள்ளளவும் குறைகிறது. 9 மி.மீ. ரகத்தில் முழு அளவில் 17 தோட்டாக்கள், நடுத்தர அளவில் 15, சிறிய அளவில் 12 என்பது வழக்கமான கணக்கு.

அளவு மாறுவதால் பயன்பாடும் மாறுகிறது. நீண்ட குழலில் குறி பார்க்கும் தூரம் அதிகம். எடை கூடுதலாக இருப்பதால் சுடும்போது ஏற்படும் உதைப்பும் கட்டுக்குள் இருக்கும். சீருடைக் காவலருக்கு ஏற்றது இது. சாதாரண உடையில் பாதுகாப்புப் பணியில் நிற்பவருக்கோ ஆயுதம் வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். கைப்பிடியின் பருமனும் முக்கியம். சிறிய கை கொண்ட ஒருவர், பெரிய கைக்கென வார்க்கப்பட்ட கைப்பிடியைப் பற்றினால் விரல் விசையை முறையாக எட்டாது. பெண்கள் பெருமளவில் படைகளில் சேரத் தொடங்கிய பிறகு இது ராணுவங்களின் கவனத்துக்கு வந்த ஒன்று.

அமெரிக்க ராணுவத்தின் தேர்வு

இந்த வடிவமைப்புக்கு உலக அளவில் அங்கீகாரம் தந்தது அமெரிக்கத் தரைப்படை. 1985-ம் ஆண்டு முதல் பயன்பாட்டில் இருந்த பெரெட்டா எம்9 பிஸ்டலுக்கு மாற்றாக, அளவு மாற்றத்தக்க கைத்துப்பாக்கிக்கு 2015-ம் ஆண்டு ஆகஸ்டில் அது ஒப்பந்தப்புள்ளி கோரியது. 350 பக்கங்களுக்கும் மேற்பட்ட அந்த ஆவணம், ஒரு கைத்துப்பாக்கி வாங்க இத்தனை காகிதமா என்று அந்நாட்டு செனட் சபையில் கண்டனத்துக்கு உள்ளானது.

2017-ம் ஆண்டு ஜனவரியில், 58 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தம் சிக் சாவருக்குக் கிடைத்தது. போட்டியில் தோற்ற கிளாக் நிறுவனத்தின் முறையீடு அதே ஆண்டு ஜூனில் தள்ளுபடியானது. நவம்பரில் முதல் தொகுதி கென்டக்கி மாநிலத்தில் உள்ள 101-வது வான்வழிப் படைப்பிரிவைச் சென்றடைந்தது. முழு அளவுக்கு எம்17 என்றும் சிறிய அளவுக்கு எம்18 என்றும் பெயர். கைப்பிடிக் கூடு சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளில் தரப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. படைவீரர் தாம் விரும்பியபோது துப்பாக்கியைச் சிறிதாக்கிக்கொள்ள ராணுவம் இடம் தரவில்லை. எம்17, எம்18 ஆகியவை தனித்தனி ஆயுதங்களாகவே வழங்கப்பட்டன. அளவு மாற்றும் வசதியின் பலன் ஆயுதக் கிடங்குக்கே கிடைத்தது. ஒரே வகை உதிரிப் பாகங்கள், ஒரே பயிற்சி, ஒரே பழுது நீக்கும் முறை என்பதே ராணுவம் கண்ட சிக்கனம்.

சிக்கனத்தோடு ஓர் ஆபத்தும் சேர்ந்து வந்தது. எல்லா அளவுகளுக்கும் பொறி ஒன்றே என்பதால், அதில் ஏதேனும் குறை இருந்தால் எல்லா அளவுகளையும் அது பாதிக்கும். குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் பி320 தானே வெடிக்கக்கூடும் என்பது சோதனைகளில் தெரியவந்ததை அடுத்து, 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் பொதுமக்களுக்கு விற்ற பிஸ்டல்களின் பொறியை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. விசையை அழுத்தாமலேயே சுட்டுவிட்டது என்று தொடுக்கப்பட்ட வழக்குகளில், 2024-ம் ஆண்டு ஜார்ஜியா, பென்சில்வேனியா மாநிலங்களில் நடுவர் குழுக்கள் இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தன. வடிவமைப்பில் குறையில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவின் அனுபவம்

உறுப்பு மாற்றும் ஆயுதம் இந்திய ராணுவத்துக்குப் புதிய சிந்தனை அன்று. 2011-ம் ஆண்டு நவம்பரில், குழலை மாற்றி இரண்டு வகைத் தோட்டாக்களைச் சுடத்தக்க 66,000 ரைஃபிள்களுக்குத் தரைப்படை ஒப்பந்தப்புள்ளி கோரியது. எல்லைப் போருக்கு 5.56 மி.மீ., பயங்கரவாத எதிர்ப்புப் பணிக்கு 7.62 மி.மீ. என ஒரே ரைஃபிள் இரு பணிகளையும் செய்யும் என்பது எதிர்பார்ப்பு. இத்தாலி, அமெரிக்கா, செக் குடியரசு, இஸ்ரேல் நாடுகளின் நிறுவனங்கள் போட்டியிட்டன. சோதனைகள் நடந்தன, ஆனால் தேவை நிறைவேறவில்லை. 2015-ம் ஆண்டு ஜூனில் அந்த ஒப்பந்தப்புள்ளி ரத்து செய்யப்பட்டது. அமெரிக்கா தன் பிஸ்டலுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான்.

பின்னர் இந்தியா ஒரே ரகத் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்களுக்குத் திரும்பியது. 2019-ம் ஆண்டு பிப்ரவரியில் 72,400 ரைஃபிள்களுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பெற்றதும் சிக் சாவர் நிறுவனமே.

கைத்துப்பாக்கியில் நிலைமை வேறு. தரைப்படையிலும் காவல் துறையிலும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் 9 மி.மீ. பிஸ்டல், மேற்கு வங்கத்தின் ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாராவது. பெல்ஜியத்தில் 1935-ம் ஆண்டு வெளியான பிரௌனிங் பிஸ்டலே அதன் மூலம். உருக்கு அடிச்சட்டம், 13 தோட்டா மேகசின், ஒரே அளவு. இதில் கழற்றி மாட்ட எதுவுமில்லை. தேசியப் பாதுகாப்புப் படை போன்ற சிறப்புப் படைகள் கிளாக் பிஸ்டல்களைப் பயன்படுத்துகின்றன.

பொதுமக்களுக்கு 9 மி.மீ. ரகம் தடை செய்யப்பட்ட ஒன்று. எனவே உரிமம் பெற்றவர்கள் .32 ரகத்தையே நாட வேண்டியுள்ளது. கான்பூரில் 2014-ம் ஆண்டு வெளியான 500 கிராம் எடையுள்ள "நிர்பீக்", 2023-ம் ஆண்டு வெளியான "பிரபல்" ஆகியவை இவ்வகை ரிவால்வர்கள். ரிவால்வரில் அடிச்சட்டமே துப்பாக்கியின் உடல். எண் எங்கே பொறிப்பது என்ற குழப்பம் அதில் எழுவதில்லை.

இந்த நிலை மாறத் தொடங்கியுள்ளது. 2017-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் மாலன்பூரில், இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. நிறுவனத்தின் கூட்டுடன் சிறு ஆயுதங்களுக்கான தனியார் தொழிற்சாலை அமைந்தது. விசைப் பொறியைத் தனியே கழற்றத்தக்க மசாடா பிஸ்டலை அறிமுகப்படுத்தியதும் அதே இஸ்ரேலிய நிறுவனம்தான். வருங்காலத்தில் மத்தியப் படைகளும் மாநிலக் காவல் துறைகளும் புதிய பிஸ்டல்களைக் கோரும்போது, போட்டிக்கு வருபவற்றில் பல இவ்வகையினவாகவே இருக்கும்.

சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவின் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி என்பது முழு ஆயுதம் அல்லது அதன் அடிச்சட்டம். எண் இருக்க வேண்டியதும், வாங்குபவரின் பின்னணி விசாரிக்கப்பட வேண்டியதும் அதற்கு மட்டுமே. பி320-ஐப் பொறுத்தவரை அந்தச் சிறிய விசைப் பொறிதான் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி. அதை ஒரு முறை முறையாக வாங்கியவர் குழல், ஸ்லைடு, கைப்பிடி ஆகியவற்றைச் சாதாரணச் சரக்கைப் போல் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

இந்தியாவின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. அதன் 2-வது பிரிவில் உள்ள வரையறை, துப்பாக்கியின் பாகங்களையும் துப்பாக்கி என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. ஆகவே தனியே கிடக்கும் ஒரு குழலும் இங்கே சட்டத்துக்கு உட்பட்ட பொருள்.

6-வது பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியின் குழலைக் குட்டையாக்குவதைத் தடை செய்கிறது. நீண்ட துப்பாக்கியின் குழலை அறுத்துத் துணிக்குள் மறைத்து எடுத்துச் செல்வது கொள்ளையரின் பழைய வழக்கம். அதைத் தடுக்கவே இப்பிரிவு. 2019-ம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்தது. மீறினால் முன்னர் 3 முதல் 7 ஆண்டு வரை இருந்த தண்டனை, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என உயர்த்தப்பட்டது.

அதே திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்றே போதும் என்று மசோதாவில் முதலில் இருந்தது; எதிர்ப்பு எழுந்ததால் இரண்டானது.

அளவு மாற்றும் பிஸ்டலை இப்பிரிவுகளின் முன் வைத்தால் சிக்கல் புலப்படும். அதில் குழலை யாரும் அறுப்பதில்லை. நீண்டதைக் கழற்றிக் குட்டையானதை மாட்டுகிறார்கள். இது குழலைக் குட்டையாக்குவது ஆகுமா? பாகமும் துப்பாக்கியே என்றால், கூடுதலாக ஒரு குழலும் ஸ்லைடும் வைத்திருப்பவரிடம் இருப்பது ஒரு துப்பாக்கியா, இரண்டா? சட்டம் எழுதப்பட்ட காலத்தில் துப்பாக்கி ஒரே உடலாக இருந்தது. சொற்களும் அதற்கேற்ப அமைந்தன.

இந்தக் கேள்வி ஏட்டளவில் நின்றுவிடக்கூடியதும் அன்று. ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1968-ம் ஆண்டு முதல் தயாரித்த ஜி.எஸ்.பி. என்ற போட்டி பிஸ்டலில், ஒரே விசைப் பொறியின் மேல் .22 ரகத்தையும் .32 ரகத்தையும் மாற்றி மாட்டலாம். இரு ரகங்களுக்கும் தனித்தனிப் போட்டிகள் உள்ள 25 மீட்டர் பிரிவில் இது வீரர்களுக்கு உதவியது. விளையாட்டு வீரர்களுக்குச் சட்டம் தனிச் சலுகைகள் தந்துள்ளது. ஆனால் கழற்றி மாட்டுவது விளையாட்டு அரங்கைத் தாண்டி வரும்போது சலுகை மட்டும் போதாது, தெளிவு வேண்டும்.

எண்ணும் தடயமும் பிரியும்போது

துப்பாக்கிக்கு எண் எதற்கு என்பதைத் தலைநகரின் வரலாறே சொல்லும். 1948-ம் ஆண்டு ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் மகாத்மா காந்தியின் உயிரைப் பறித்தது ஒரு பெரெட்டா பிஸ்டல். வழக்கில் அது 606824 என்ற எண்ணால் அடையாளம் காட்டப்பட்டது. துப்பாக்கியின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி குற்றம். எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி ஒருவரிடம் இருந்தால், அழித்தவர் அவரே என்று கருதி, அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பை அவர் மீதே சட்டம் சுமத்துகிறது.

எண்ணைத் தவிர ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கைரேகை உண்டு. குழலின் உட்புறத்தில் உள்ள சுருள் வரிகள், வெளியேறும் குண்டின் மீது கீறல்களாகப் பதிகின்றன. சுடும் ஊசியும் தோட்டாவைத் தாங்கும் பின்முகமும் காலி உறையின் அடியில் தடம் விடுகின்றன. கொலை நடந்த இடத்தில் கிடைக்கும் குண்டையும் உறையையும், கைப்பற்றிய துப்பாக்கியோடு தடய அறிவியல் கூடம் ஒப்பிடுவது இவற்றைக் கொண்டுதான்.

இந்த ஒப்பீட்டின் எடை எத்தகையது என்பதை 1999-ம் ஆண்டு தில்லியில் நடந்த ஜெசிகா லால் கொலை வழக்கு காட்டியது. சுட்ட துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. சம்பவ இடத்தில் கிடைத்த இரண்டு .22 ரக உறைகளும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்ற சர்ச்சை வழக்கையே ஆட்டிவைத்தது. 2006-ம் ஆண்டு பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டனை விதித்தது. 2010-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அளவு மாற்றும் பிஸ்டலின் உண்மையான சிக்கல் இங்குதான் உள்ளது. குண்டில் தடம் பதிக்கும் குழல், உறையில் தடம் பதிக்கும் ஊசி, பின்முகம் ஆகிய மூன்றும் மேலே உள்ள ஸ்லைடு பகுதியைச் சேர்ந்தவை. எண்ணோ கீழே உள்ள விசைப் பொறியில் உள்ளது. பழைய துப்பாக்கியிலும் குழலை மாற்ற இயலும் என்றாலும், அதற்குப் பொருத்தமான குழலும் கைதேர்ந்த கருமானும் வேண்டும். புதியதில் மேற்பகுதி முழுவதையும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மேற்பகுதிக்கு எண் இல்லையென்றால், பதிவேட்டில் உள்ள துப்பாக்கி வேறு, குண்டில் தடம் பதித்த துப்பாக்கி வேறு என்றாகிவிடும்.

உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் வகை, ரகம், எண் ஆகியவை எழுதப்படுகின்றன. ரகமும் அளவும் மாறக்கூடிய ஆயுதத்தில், எழுதிய விவரம் எழுதிய அன்று மட்டுமே உண்மையாக இருக்கும்.

நாட்டில் குற்றங்களுக்குப் பயன்படுபவற்றில் பெரும்பாலானவை எண்ணே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள்தாமே, இதற்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். நாட்டுத் துப்பாக்கியைத் தடுக்கப் பதிவேட்டால் இயலாது; அது காவல் துறையின் வேலை. ஆனால் அரசு கிடங்கிலிருந்தும் உரிமதாரரிடமிருந்தும் காணாமல் போகும் துப்பாக்கியைத் தேடப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை. பாகம் பாகமாகப் பிரியும் ஆயுதம் பாகம் பாகமாகவே காணாமல் போகவும் கூடும்.

உலகம் கண்ட வழி

சிறு ஆயுதங்களை அடையாளம் கண்டு தடம் பிடிப்பதற்கான ஏற்பாட்டை ஐ.நா. பொதுச்சபை 2005-ம் ஆண்டு டிசம்பரில் ஏற்றது. எதை அழித்தால் ஆயுதம் மீண்டும் இயங்காதோ அந்த முக்கிய உறுப்பில் எண் இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. இயன்றால் குழல், ஸ்லைடு போன்றவற்றிலும் பொறிக்குமாறு நாடுகளை ஊக்குவிக்கிறது. பாலிமர் உடல், கழற்றி மாட்டும் வடிவமைப்பு ஆகியவை இந்த ஏற்பாட்டுக்குச் சவாலாக இருப்பதை ஐ.நா. தலைமைச் செயலரின் 2014-ம் ஆண்டு அறிக்கை எடுத்துக்காட்டியது.

அமெரிக்காவும் 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளில் அடிச்சட்டம் என்பதன் பொருளைத் திருத்தி எழுதியது. கைத்துப்பாக்கியில் சுடும் ஊசியையோ சுத்தியலையோ சுடும் வரை தடுத்து நிறுத்தும் பாகத்துக்கு இடம் தரும் உறுப்பே அடிச்சட்டம் என்று அது விளக்கம் தந்தது. அவ்விதிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2025-ம் ஆண்டு மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

பாகங்களையும் துப்பாக்கியாகக் கருதும் பழைய வரையறையால் இந்தியா இதில் ஒரு படி முன்னதாகவே உள்ளது. தனிக் குழல் இங்கே கடைச் சரக்கு அன்று. ஆனால் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் அடையாளம் காணத்தக்கதாகவும் இருந்தால்தான் கட்டுப்பாட்டுக்குப் பொருள் உண்டு. விசைப் பொறி, ஸ்லைடு, குழல் ஆகிய மூன்றிலும் ஒரே எண்ணைப் பொறிக்க வேண்டும், மாற்றுப் பாகம் வழங்கும்போது அதன் எண்ணும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும் என்பதைக் கொள்முதல் நிபந்தனையாகவே வைத்துவிடலாம். தொழிற்சாலையில் இருக்கும்போது எண் பொறிப்பது எளிது. பல மாநிலக் காவல் துறைகளின் கிடங்குகளுக்குப் பிஸ்டல்கள் சென்று சேர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் தேடிப் பொறிப்பது எளிதன்று.